இருபத்திரண்டு சீட்டுகள்

அத்தியாயம் 14

சம்பளம் வாங்குகிற வேலையை ஒரு வரிக் கடிதத்தில் விட்டுவிடலாம். சம்பளமே இல்லாத வேலையை விடுவது அத்தனை சுலபமில்லை. நம் தலைவியைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்லுவாள்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தலைவி என்றால் அரசியல் தலைவி இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்தாளர். அவள் படித்த பல்கலைக்கழகத்துக்கு உலகம் முழுக்க ஐம்பத்து மூன்று நகரங்களில் முன்னாள் மாணவர் கிளைகள் இருக்கின்றன. இந்த நகரத்துக் கிளைக்கு ஏழு வருடமாக அவள் தலைவி. மேல்படிப்புக்கோ வேலைக்கோ புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது, வேலை தேடுகிறவரை வேலையில் இருப்பவரோடு கோத்துவிடுவது, வருடா வருடம் தலைமையகத்துக்கு அறிக்கை எழுதுவது, எல்லாம் அவள் தலையில். காலணா வருமானம் கிடையாது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டிலும் வெளியிலும் லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். பேச்சு குறைவு, வேலை அதிகம். மகள் வெளியூரில் வேலையாக இருக்கிறாள்.

மூன்றாவது ஆள், முட்டி வைத்தியத்துக்காக இரண்டு மாதமாக இவர்களோடு தங்கியிருக்கும் அவருடைய அக்கா. நாற்பது வருடத் தையல்காரி. குடும்பத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். தையல் மட்டும் காரணமில்லை, வாயும் காரணம். போன வாரம் அவள், "ஊரார் பிள்ளைங்களுக்கெல்லாம் வீடு பாத்துக் கொடுக்கற, என் தம்பிக்கு ஒரு வாய் காபி சூடா கிடைக்கல" என்று சொன்னதும், தலைவி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தலைவி பதவியை விடுகிற நாள்.

விடலாம். ஆனால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். ஒருவர் ஆறு வருடத்துக்கு மேல் தலைமையில் இருக்கக் கூடாது என்பது விதி. ஆள் கிடைக்காததால் தலைமையகம் ஒரு வருடம் கருணை காட்டியது. இனிமேல் காட்டாது. இன்று மாலை ஆறு மணிக்குள் ஒரு முன்னாள் மாணவரின் பெயர், பதிவு எண், சம்மதம் மூன்றும் போய்ச் சேராவிட்டால் இந்தக் கிளையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அடுத்த மாதம் பத்தொன்பது பேர் புதிதாக வருகிறார்கள். அவர்களுக்கு இந்த ஊரில் கூப்பிட ஒரு நம்பர் இருக்காது.

காலையில் கண்ணாடி முன்னால் நின்று தலைவி நன்றியுரையைப் படித்துப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"எத்தனை பக்கம் அது?" என்றாள் கத்தரி, கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு.

"நாலு, அண்ணி."

"நன்றி சொல்றதுக்கா? ரெண்டு கையையும் சேத்தா முடிஞ்சு போச்சு."

"பதினாலு பேர் இருக்காங்க அண்ணி. ஒருத்தரை விட்டாலும் மனசு கஷ்டப்படும்."

"சரி, அடுத்த தலைவரு யாரு?"

தலைவி பக்கத்தைத் திருப்பினாள்.

"அப்ப சரி. கல்யாணத்துக்கு எல்லாம் தயார், மாப்பிள்ளை மட்டும் பாக்கணும்."

லிஃப்ட்காரர் வாசலில் நின்று காரில் தண்ணீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி ஜன்னல் வழியாகப் பார்ப்பதைக் கண்டதும் கேனைப் பார்த்துச் சிரித்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. அது அவருடைய போன் இல்லை, கிளையின் போன். மூலை நசுங்கிய பழைய பட்டன் போன். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் தலைமையகம் கொடுத்தனுப்புகிற நம்பர் அதுதான். மருந்தகத்தில் வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும் என்பதால், முதல் வாரத்திலேயே தலைவி அதைக் கணவரிடம் கொடுத்துவிட்டாள். "ரெண்டு நாள் வெச்சிருங்க" என்றுதான் சொன்னாள். ஏழு வருடம் ஆகிவிட்டது.

"சொல்லுங்க தம்பி... ஆமா, சாவி கேட்டுக்குப் பக்கத்துல இருக்கற பூந்தொட்டிக்கு அடியில... கிடைச்சுதா? இப்ப உள்ள போய் முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க. அப்புறம் வீட்டுக்குப் பேசுங்க."

போனில் அவர் யாரிடமும் பயப்படாதே என்று சொன்னதில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிப் பேசிக் கற்ற பாடம் அது. பயப்படாதே என்றால்தான் ஜனங்கள் பயப்படத் தொடங்குகிறார்கள். எந்த மாடிக்குப் போகணும், யாரைப் பார்க்கப் போறீங்க, காலையில் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தால் கதவு திறக்கும்வரை நேரம் ஓடிவிடும்.

*

நூலகத்தின் மாடியில் இருந்த கூட்ட அறையில் நாலரை மணிக்கு முப்பத்தொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். சுவரில் ஒரு பெரிய திரை. திரையில், தலைமையகத்து ஒருங்கிணைப்பாளர் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் ஊரில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. தலை சீவியிருந்தார், கண் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"ஆறு மணிக்கு எனக்கு அடுத்த கிளை காத்திட்டிருக்கும்மா" என்றார் அவர். "அதுக்குள்ள ஒரு பேரு கொடுத்துடுங்க. இவ்வளவு நல்ல கிளையை என் கையால மூட வைக்காதீங்க."

தலைவிக்குத் தெரியும், கை தூக்கச் சொன்னால் ஒரு கையும் வராது. போன மூன்று கூட்டங்களிலும் சொல்லிப் பார்த்தாயிற்று. ஒருவருக்குக் கைக்குழந்தை. ஒருவருக்கு ஆராய்ச்சிக் கட்டுரை. பெரும்பாலோருக்கு, "நான் பின்னால இருந்து சப்போர்ட் பண்றேன் மேடம்." பின்னால் மட்டும் பெரிய கூட்டம். பூனைக்கு மணி கட்ட எலிகள் கூடிய கதைதான்.

அதனால் இந்த முறை ஒரு யோசனை செய்திருந்தாள். எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டு, ஒரு பேனா. 'நம்மில் யார் தலைமைக்கு வந்தால் நன்றாக இருக்கும்?' ஒரே கேள்வி. தன் பெயரைச் சொல்லத்தான் நம் ஆட்களுக்குக் கூச்சம், அடுத்தவரைக் கோத்துவிட என்ன கூச்சம்? அதிகச் சீட்டு வாங்கியவரைப் பிடித்து, 'இத்தனை பேர் ஆசையா கேக்கறாங்க, மாட்டேன்னு சொல்லாதீங்க' என்று மடக்கிவிடலாம் என்பது அவள் கணக்கு.

சீட்டுகளை ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் வாங்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த சின்னச் சமையலறைக்குப் போனாள். அங்கே கத்தரி, முட்டி வலிக்கு இதமாக இரண்டு நாற்காலி போட்டு ஒன்றில் உட்கார்ந்து ஒன்றில் காலை வைத்திருந்தாள்.

தலைவி முதல் சீட்டைப் பிரித்தாள். 'போன் அண்ணன்.'

யாரோ விளையாடுகிறார்கள் என்று தள்ளி வைத்தாள்.

இரண்டாவது: 'போன் அண்ணன்.' மூன்றாவது: 'அண்ணனே போதும்.' நான்காவது: 'நம் மெக்கானிக்கல் சீனியர் (போன் எடுப்பவர்).'

"என்னம்மா முகம் இப்படிப் போகுது?" என்றாள் கத்தரி.

"இருங்க அண்ணி."

கடைசிச் சீட்டுவரை பிரித்து, சமையல் மேடையில் வரிசையாக அடுக்கினாள். அவளுடைய பெயர் ஐந்து, அது செல்லாது. 'யாராக இருந்தாலும் சரி' என்று மூன்று. வெறும் சீட்டு ஒன்று. மிச்சம் இருபத்திரண்டும் அவள் கணவர்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாள்கூடப் படிக்காத அவள் கணவர்.

கத்தரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தாள். "இவனா? பன்னண்டாம் கிளாஸோட கையில ஸ்பேனர் பிடிச்சவன். அவன் அங்க படிச்சான்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல அண்ணி. அவங்களா நெனச்சுக்கிட்டாங்க." உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்பது பட்டியலைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். சங்கப் பட்டியலை யார் படிக்கிறார்கள்? அதைத் தட்டச்சு செய்தவர் மட்டும்தான்.

தலைவிக்குச் சுருக்கென்று ஒன்று தைத்தது. மறைப்பானேன், அது பொறாமைதான். ஏழு வருட அறிக்கை எழுதியவள் அவள். எத்தனையோ சிபாரிசுக் கடிதம், எத்தனையோ விண்ணப்பம், தலைமையகத்தோடு எத்தனையோ சண்டை. ஜனங்களின் மனதில் நின்றதோ போனை எடுத்தவர்.

அடுத்த நிமிடமே வேறொன்று உறைத்தது. கைப்பையிலிருந்து நன்றியுரையை எடுத்தாள். பதினாலு பெயர். நூலகத்துக் காவலாளி இருந்தார். பேனர் அச்சடித்துக் கொடுத்தவர் இருந்தார். முதல் பக்கத்திலிருந்து நாலாம் பக்கம்வரை தேடினாள்.

அவர் இல்லை.

இந்தப் பெண் இருபத்தாறு வருடமாக ஒருவரோடு வாழ்ந்திருக்கிறாள், ஒருவரையும் விடக் கூடாது என்று மூன்று இரவு யோசித்து எழுதியிருக்கிறாள். அவருக்கு மட்டும் நன்றி சொல்லத் தோன்றவில்லை. எனக்கு அவள்மேல் கோபமாகத்தான் வருகிறது. ஆனால் நம் வீட்டுப் பட்டியல்களையும் நாம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

"அவரைக் கூப்பிடறேன்" என்று எழுந்தாள்.

*

லிஃப்ட்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மேடையில் அடுக்கியிருந்த சீட்டுகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்துப் படித்தார். இன்னொன்று. 'மெக்கானிக்கல் சீனியர்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பரவாயில்லங்க" என்றாள் தலைவி. "அவங்க தப்பா நெனச்சுட்டாங்க. நான் போய்ப் பேசறேன்."

"அவங்க தப்பா நெனைக்கல."

"என்ன?"

"நான் சொன்னேன். ஒரே ஒரு தடவை." அவர் சீட்டைக் கீழே வைத்தார். "பூச்சி டாக்டர் இருக்குல்ல, அது வந்து இறங்கின அன்னிக்கு. ரயில்வே ஸ்டேஷன்ல."

பூச்சி டாக்டர் என்பது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆராய்ச்சியாளர். தேனீக்களைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள், அதனால் அந்தப் பெயர். தலைவி பதவிக்கு வந்த முதல் வருடத்தில், இருபத்து நாலு வயதில் இந்த ஊருக்கு வந்தவள்.

"அப்ப ஏழு வருஷமா..."

"அது நாலு பேர்கிட்ட சொல்லுச்சு. அவங்க நாப்பது பேர்கிட்ட சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் இல்லன்னு சொல்ல வாயெடுப்பேன். அவங்க அதுக்குள்ள, பேங்க்ல கணக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னு கேட்டுடுவாங்க."

மணி ஐந்து முப்பத்தைந்து.

"இதுல என்ன இருக்கு?" என்றாள் கத்தரி. "பேசாம அவன் பேரையே கொடும்மா. யாரு சர்டிபிகேட்ட தூக்கிட்டு வரச் சொல்லப் போறா? எல்லாருக்கும் அவனைத்தான் பிடிச்சிருக்கு."

"பதிவு எண் கேப்பாங்க அண்ணி."

"உன்னோடத போடு. புருஷன் பொண்டாட்டிதானே."

தலைவிக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. "நான் போய், ஏதோ குழப்பம் ஆயிடுச்சுன்னு பொதுவா சொல்லிடறேன். உங்க பேரு வெளிய வர வேண்டாம்."

"வேண்டாம்" என்றார் லிஃப்ட்காரர். "இது குழப்பம் இல்ல, என் பொய். உங்க சங்கத்துக்கு நடுவுல அது ஏழு வருஷமா உக்காந்திருக்கு. நானே போய்ச் சொல்றேன்."

"சொன்னா, இருக்கற கொஞ்ச நம்பிக்கையும் போயிடும்ங்க. இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"சொல்லலன்னா உன் பேருல ஒரு கறை இருக்கும்மா. ஏழு வருஷம் உழைச்சவ நீ."

அவர் அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

*

லிஃப்ட்காரர் முன்னால் போய் நின்றதும் கைதட்டல் எழுந்தது. முடிவு தெரிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். யாரோ ஒருவன் விசில் அடித்தான். கைதட்டல் ஓயும்வரை அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு மேடைப் பேச்சு வராது" என்றார். "நீங்க இருபத்திரண்டு பேரு என் பேரை எழுதியிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா நான் உங்க யுனிவர்சிட்டியில படிக்கல. எந்த யுனிவர்சிட்டியிலயும் படிக்கல. பன்னண்டாம் கிளாஸ் முடிச்சு வேலைக்கு வந்தவன்."

திரையில் ஒருங்கிணைப்பாளரின் கண் இப்போதுதான் முழுசாக எழுந்தது.

"ஒருத்தர்கிட்ட மட்டும் பொய் சொன்னேன்." அவர் முதல் வரிசையைப் பார்த்தார். "உங்ககிட்டதாம்மா. அன்னிக்குப் பார்சல்ல போட்ட உங்க பெட்டி வரல. பேசி வெச்சிருந்த வீட்டுக்காரர் வீடு இல்லன்னுட்டார். நான் வேலையில இருந்து அப்படியே வந்தேன், சட்டையெல்லாம் கிரீஸ். என்னைப் பாத்துட்டு வண்டியில ஏற மாட்டேன்னு நின்னீங்க. அது சரிதான். என் பொண்ணா இருந்தாலும் ஏறாதேன்னுதான் சொல்லியிருப்பேன். இவளுக்கு போன் பண்ணேன், வேலை நேரம், எடுக்கல. நீங்க கேட்டீங்க, 'நீங்களும் நம்ம யுனிவர்சிட்டியா அண்ணா?'ன்னு. ஆமா, மெக்கானிக்கல்னு சொல்லிட்டேன். உடனே ஏறிட்டீங்க. ஒருத்தரை நம்ப வைக்கறதுக்குப் பொய் சொல்லக் கூடாது. அது தப்பு. மன்னிச்சுடுங்க."

பூச்சி டாக்டர் சீட்டு எழுதிய பேனாவை மூடிவைத்தாள்.

"மெக்கானிக்கல்னு ஏன் வந்துதுன்னு கேட்டா..." அவர் பின்னால் கட்டியிருந்த கையைப் பிரித்தார். "பதினெட்டு வயசுல உங்க யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அந்தப் படிப்புக்குத்தான். பதில் வரல. அவ்வளவுதான். மத்தபடி, தலைவர்னு வேற யாரையாவது இப்பவே சொல்லுங்க. கிளையை மூட விடாதீங்க. அடுத்த மாசம் பத்தொன்பது பேர் வராங்க."

சமையலறைக் கதவருகே, சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தரி நின்றிருந்தாள். அதிக நேரம் நிற்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

பூச்சி டாக்டர் எழுந்தாள். காது சிவந்திருந்தது.

"எனக்குக் கோவம் வருதுண்ணா" என்றாள். "நிஜமாவே வருது. அன்னிக்கு நான் நம்பினது உங்களை இல்ல, அந்த ஒரு வார்த்தையை. அது பொய்யின்னு இன்னிக்குத் தெரியுது."

"ஆமாம்மா."

"நீங்க வேற மாதிரி ஆளா இருந்திருந்தா?"

"அதைத்தான் நானும் பல தடவை நெனச்சிருக்கேன்."

அவள் ஒரு மூச்சு விட்டாள். "ஆனா அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் நீங்க செஞ்சது எதுவும் பொய் இல்ல. வண்டியில ஏறினதும் எந்தப் பூச்சியைப் பத்தி படிக்கப் போறீங்கன்னு கேட்டீங்க. உங்க வீடு போய்ச் சேர்றவரைக்கும் தேனீயைப் பத்தியே பேச வெச்சீங்க. அழணும்னு நெனச்சேன், நேரமே கிடைக்கல. பதினோரு நாள் உங்க வீட்டுல சாப்பிட்டேன். அன்னிக்கு நீங்க வரலன்னா அடுத்த ரயில்ல திரும்பிப் போயிருப்பேன். இந்தப் படிப்பு, இந்த வேலை, எதுவும் இல்ல."

பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன், "எனக்கும் அதேதான்" என்றான். இன்னொருத்தி, "என் பிரசவத்தப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது அண்ணன்தான்" என்றாள். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஏழு வருட நன்றியை ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ள எந்த மனிதனுக்கும் தெம்பு இருக்காது.

மணி ஐந்து ஐம்பது. தலைவி முன்னால் வந்தாள். நாலு பக்க உரை கையில் மடித்து இருந்தது, பிரிக்கவில்லை.

"இதுல பதினாலு பேருக்கு நன்றி எழுதியிருக்கேன். இவர் பேரு இல்ல. எழுதாதது என் தப்பு" என்றாள். கணவரின் பக்கம் திரும்பி, எல்லோர் முன்னாலும், "நன்றிங்க" என்றாள். இருபத்தாறு வருடத்தில் அந்தச் சொல் அவர்களுக்கு நடுவில் வந்தது அதுதான் முதல்முறை. அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல், "சரி, சரி" என்றார்.

"இப்ப சொல்லுங்க. யாரு வரீங்க?"

மறுபடி எல்லோரும் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்கள். பூச்சி டாக்டர் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், உண்மையைச் சொல்லட்டுமா? எங்க எல்லாருக்கும் பயமே அந்த போன்தான். தலைவர்னா அண்ணன் மாதிரி எப்பவும் போனை எடுக்கணும், அது எங்களால முடியாதுன்னுதான் யாரும் வரல. அறிக்கை, கடிதம், கூட்டம், இதெல்லாம்தான் தலைவர் வேலைன்னா, நான் பண்றேன். என் பேரைப் போடுங்க. ஆனா போன் அண்ணன்கிட்டயே இருக்கணும்." அவள் திரையைப் பார்த்தாள். "சார், அங்க படிக்காதவர் போனை எடுக்கலாமா? விதி என்ன சொல்லுது?"

ஒருங்கிணைப்பாளர் மேஜைமேல் எதையோ புரட்டினார். நிதானமாகப் புரட்டினார். ஆறு மணிக்கு அடுத்த கிளை காத்திருக்கிறது என்பதே அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

"தலைவருக்குப் பட்டம் வேணும்னு இருக்கு" என்றார். "தன்னார்வலருக்குப் பட்டம் வேணும்னு இதுல எங்கயும் இல்ல. ஐயா, உங்க பேரைத் தன்னார்வலர் பட்டியல்ல சேத்துக்கறேன். ஏழு வருஷம் லேட். எங்க பக்கத்துத் தப்பு அது. பதிவு எண் சொல்லுங்கம்மா."

பூச்சி டாக்டர் எண்ணைச் சொன்னாள். ஐந்து ஐம்பத்தாறுக்குப் படிவம் போய்ச் சேர்ந்தது.

"ஒரு நிபந்தனை" என்றாள் புதிய தலைவி. "ஞாயித்துக்கிழமை மட்டும் போன் எங்ககிட்ட. அண்ணன் அன்னிக்கு வீட்டுல சூடா காபி குடிக்கட்டும்."

*

கூட்டம் கலைந்தது. லிஃப்ட்காரர் அறைச் சாவியைக் கீழே ஒப்படைக்கப் போயிருந்தார். தலைவி, கத்தரியைக் கைத்தாங்கலாகப் பிடித்து அழைத்துவந்து காரின் பின்சீட்டில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மனசு லேசாக இருந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியிருந்தது, கிளையும் பிழைத்துவிட்டது. நூலகத்துக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவள் கணவர் காவலாளியோடு பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. காவலாளி அவர் முதுகில் தட்டினார். இருவரும் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா அண்ணி? உங்க தம்பிக்கு இன்னிக்கு எவ்வளவு மரியாதை."

அப்போதுதான் தலைவிக்குத் தோன்றியது, அரை மணி நேரமாகக் கத்தரியின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். கத்தரி முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

"முட்டி வலிக்குதா அண்ணி?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"இத்தனை வருஷமா அவன் கேக்கவே இல்லம்மா. ஒரு தடவைகூடக் கேக்கல. இன்னிக்கு அத்தனை பேருக்கு முன்னால அப்படிச் சொல்றான். யார் மேலயும் குத்தம் சொல்லாம சொல்றான்."

"என்ன சொன்னார்?"

"பதில் வரலன்னு."

தலைவிக்கு ஏனோ அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடித்தாள். சில்லென்று இருந்தது.

"பதில் வந்துதும்மா" என்றாள் கத்தரி. "இடம் கிடைச்சிருக்கு, வந்து சேருன்னு எழுதியிருந்தாங்க. தபால்காரர் என் கையிலதான் கொடுத்தார். அவன்கிட்ட நான் கொடுக்கல."

லிஃப்ட்காரர் நூலகக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். தெருவைக் கடக்கும்போதே இருவரையும் பார்த்துக் கையசைத்தார். இத்தனை சந்தோஷமாக அவரைத் தலைவி பார்த்ததே இல்லை.